ஆளுநருக்கு நான்கு வருடம், தலைவருக்கு எத்தனை?

2006 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். வெளியே பாதி மழையும் பாதி பனியுமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் குடியேறிய நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் எங்கள் முதியோர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். தலைவர் ஒலிவாங்கியை இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, சங்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், அமெரிக்க ஆளுநர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அந்த வாரந்தான் எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஆளுநர் தேர்தல் முடிந்திருந்தது. நாங்கள் அறிந்த ஆளுநர்கள் எல்லாரும் மேலிடம் நியமித்தவர்கள். சனங்கள் வாக்குப் போட்டு ஆளுநரைத் தெரிவுசெய்வது பலருக்கும் புதினமாக இருந்தது. "முந்தி அவைக்கும் ஒரு வருசந்தான். பேந்து ரெண்டாக்கினவை. இப்ப பாருங்கோ, அநேகமான இடத்தில நாலு. ஒரு வருசத்தில ஆர் என்னத்தைச் செய்யிறது?" என்றார் தலைவர். ஆகவே ஒரு வருடமாக இருக்கும் எங்கள் தலைவர் பதவியையும் நான்கு வருடமாக்க வேண்டுமாம்.

அவர் ஏற்கெனவே ஏழு வருடமாகத் தலைவர். ஒவ்வொரு கூட்டத்திலும் "வேற ஆரும் நிக்கப் போகினமோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அந்த முகத்துக்கு நேரே ஓம் சொல்ல யாருக்கும் வாய் வராது. இனி நான்கு வருடத்துக்கு ஒருமுறை சிரித்தால் போதும். அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

தீர்மானம் வரப்போவது அறிவித்தலிலேயே இருந்ததால், முதல்நாள் மெட்ரோவில் டவுன்டவுன் போய் நூலகத்தில் மூன்று மணி நேரம் புரட்டியிருந்தேன். தலைவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதியை விழுங்கிவிட்டார். முன்பு பிரிட்டிஷ் அரசன் அனுப்பிய ஆளுநர்களிடம் பட்ட பாட்டினால்தான் அந்த மாநிலங்கள் பல, தங்கள் ஆளுநருக்கு முதலில் ஒரு வருடம் மட்டும் கொடுத்தன. பயந்தவர்கள் போட்ட கணக்கு அது. பக்கத்திலிருக்கும் வெர்மான்ட்டில் இன்றும் இரண்டு வருடந்தான். வேர்ஜீனியாவிலோ நான்கு வருடம் உண்டு, ஆனால் பதவியில் இருப்பவர் அடுத்த தேர்தலில் நிற்க முடியாது.

நான் எழுந்தேன். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன் என்பதால் எல்லாருக்கும் நான் மாஸ்டர். "மாஸ்டர் எழும்பீற்றார், இனித் தேத்தண்ணி ஆறினாப் போலதான்" என்றார் பின்வரிசையில் ஓர் அம்மா. நான் விடவில்லை. "நாலு வருசம் வைக்கலாம். ஆனா வேர்ஜீனியாவில மாதிரி, இருக்கிறவர் அடுத்தமுறை நிக்க ஏலாது. இண்டைக்கே தொடங்கவேணும்."

தலைவரின் முகம் கறுக்கும் என்று பார்த்திருந்தேன்.

"நான் வழிமொழியிறன்" என்றார் தலைவர்.

கைகள் எல்லாம் உயர்ந்தன. "அப்ப இனித் தலைவர் ஆர்?" என்று யாரோ கேட்டார்கள். எங்கள் கூட்டங்களில் யோசனை சொன்னவர் தலையிலேயே வேலையையும் கட்டிவிடுவார்கள். அத்தனை வருடம் பார்த்திருந்தும் அது எனக்கு அந்த நேரத்தில் நினைவில்லை.

"சொன்னவர்தானே செய்யவேணும்? மாஸ்டரை முன்மொழியிறன்" என்றார் அதே அம்மா.

"அதையும் நான் வழிமொழியிறன்" என்றார் தலைவர்.

"எனக்குப் பிரஷர் இருக்கு" என்றேன்.

"இந்த மண்டபத்தில பிரஷர் இல்லாத ஆள் ஆர், மாஸ்டர்? எனக்குச் சீனி வருத்தமும் சேத்து இருக்கு!" என்றார் அந்த அம்மா.

சிரிப்பும் கைதட்டலும் அடங்குவதற்குள் நான் நான்கு வருடத் தலைவர். கோட்டு மாட்டும் இடத்தில் பழைய தலைவர் மண்டபச் சாவியை என் கையில் வைத்து, குரலைத் தாழ்த்தினார். "ஒரு விசயம், மாஸ்டர். விழாச் செலவில துண்டு விழுந்தாத் தலைவர்தான் கைக்காசு போடுறது. சங்க யாப்பில எழுதின விதி இல்லை. வழக்கம்."

அடுத்த கோடையில் ஜான்-டலோன் சந்தையில் அவரைக் கண்டேன். விடுமுறையில் வந்தவர் போலக் கத்தரிக்காய் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "என்ன தலைவர், எப்பிடிப் போகுது?" என்று கேட்டார். நான் எழும்புவேன் என்று தெரிந்துதான் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தாரா? கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார்.

நான்கு பொங்கல், நான்கு கிறிஸ்மஸ் ஒளிவிழா. யாப்பின்படி மறுபடி என்னை நிறுத்த முடியாது என்பதுதான் ஒரே ஆறுதல். என் கையிலிருந்து போனது 2,314 டொலர் 60 சதம்.