வெளிச்சம் வைத்த பிஸ்டல்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு பிஸ்டல் இருந்தது. தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்த பிஸ்டல். நீட்டி அழுத்தினால் குண்டு வராது, வெளிச்சம் வரும். யுத்தம் நடந்த தொண்ணூறுகளின் நடுவில், இலங்கை மலையகத்தில், ஒரு தமிழ்க் குடும்பம் இப்படி ஒரு சாமானை அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருந்தது என்று இன்று சொன்னால், கேட்கிறவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் வேறு எந்தப் பிள்ளையின் வீட்டிலும் பிஸ்டல் இல்லை. அந்தப் பெருமையில் எனக்குக் கால் தரையில் படவில்லை.

செய்தவர் சித்தப்பா. அப்பாவின் தம்பி. கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் சுற்றிவளைப்பில், தமிழர் என்ற சந்தேகத்திலேயே, போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு வாரம் உள்ளே வைத்துவிட்டது. முதலாளி நடையாய் நடந்து வெளியே எடுத்ததும், கடையும் வேண்டாம் கொழும்பும் வேண்டாம் என்று பஸ் ஏறிக் கந்தப்பளைக்கு வந்து, எங்கள் லயத்துக் காம்பிராவில், அந்த ஒற்றை அறையில், எங்களோடு இருந்தார். தோட்டத்துக் கோயில் திருவிழா நாடகத்தில் அவருக்கு இன்ஸ்பெக்டர் வேஷம் கொடுத்தார்கள். போலீஸ்காரர்களை அவ்வளவு கிட்டத்தில் இருந்து பார்த்த அனுபவம் வேறு யாருக்கும் இல்லை, அதனால்தான் கொடுத்தார்கள் என்று நான் நம்பினேன்.

நாடகத்தின் கடைசிக் காட்சியில் பெக்டரியில் தேயிலைத் தூள் திருடும் கள்ளன் இருட்டில் ஒளிந்திருப்பான். இன்ஸ்பெக்டர் கதாநாயகியைக் காப்பாற்றி ஒரு கையில் தாங்கிக்கொண்டு, மறு கையில் பிஸ்டலோடு வந்து அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். கதாநாயகி வேஷம் போட்டவர் பெக்டரியில் மூட்டை தூக்கும் அண்ணன். அவரை ஒரு கையால் தாங்குவதே பெரும்பாடு, இதில் டோர்ச் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? அதனால் டோர்ச்சைப் பிஸ்டலிலேயே வைத்துவிடுவது என்று சித்தப்பா முடிவு செய்தார். கொழும்பில் ஏதோ வீடியோப் படத்தில் வெள்ளைக்காரப் போலீஸ்காரன் அப்படித்தான் வைத்திருந்தானாம்.

பிஸ்டல் செய்ததில் பெரிய கஷ்டம் இல்லை. மூன்று பலகைத் துண்டை ஒட்டிச் சீவி, தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளை மேலே சுற்றியதும் அது பளபளவென்று நிஜப் பிஸ்டலாகிவிட்டது. டோர்ச்தான் பாடாய்ப்படுத்தியது. முதலில் அப்பாவின் மூன்று பெட்டரி டோர்ச்சைக் கட்டிப் பார்த்தார். பிஸ்டல் மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு நின்றது. கந்தப்பளைக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் டோர்ச்சுக்குத் தலை பெரிது. அதைக் கட்டியதும் பிஸ்டல் பூவாளி மாதிரி ஆகிவிட்டது, அப்பாவே சிரித்துவிட்டார். சாவிக்கொத்தில் தொங்கும் சின்ன லைட் ஒன்றை நுவரெலியாவில் வாங்கி வந்தார். அழகாகப் பொருந்தியது. ஆனால் அந்த வெளிச்சம் காம்பிராவின் ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவருக்கே போய்ச் சேரவில்லை.

கடைசியில் டிஸ்பென்சரி ஐயா கைகொடுத்தார். தொண்டைக்குள் அடித்துப் பார்க்கிற பேனா டோர்ச் ஒன்று அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். விரல் தடிமன்தான். பேனாவுக்கு இருப்பது போல ஒரு கிளிப். அதை அழுத்தினால் எரியும், விட்டால் அணையும். சித்தப்பா அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, திருவிழா முடிந்த மறுநாளே தருவதாகச் சொல்லி வாங்கிவந்தார்.

அதைப் பொருத்துவதற்குள் அவர் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி, குழலுக்கு அடியில் டோர்ச்சை வைத்து மாட்டினார். வளையம் கிளிப்பின் மேல் விழுந்தது, டோர்ச் அணையவே மாட்டேன் என்றது. பிறகு கிளிப்பை விட்டுவிட்டு முன்னும் பின்னும் மட்டும் மாட்டினார். அப்போது டோர்ச் பின்னால் தள்ளி இருந்ததால் குழலின் நிழல் வெளிச்சத்துக்கு நடுவே கருப்பாக விழுந்தது. டோர்ச்சின் வாயும் குழலின் வாயும் ஒரே மட்டத்துக்கு வரும்படி முன்னே தள்ளினார். நிழல் போயிற்று. ஆனால் நெஞ்சுக்கு நீட்டினால் வெளிச்சம் முழங்காலில் விழுந்தது. ஒரு நெருப்புக் குச்சியை ஒடித்து, டோர்ச்சின் வால் பக்கம் குழலுக்கும் அதற்கும் இடையில் செருகினார். வால் இறங்கியது, மூக்கு நிமிர்ந்தது, வெளிச்சம் போய்ச் சரியாக நெஞ்சில் உட்கார்ந்தது. சித்தப்பாவைவிடக் கெட்டிக்காரர் இந்த இலங்கையிலேயே இல்லை என்று அன்று முடிவு செய்தேன்.

அம்மாவுக்கு மட்டும் இது எதுவும் பிடிக்கவில்லை. கொழுந்து பறித்துவிட்டு வந்து அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டே திட்டுவாள்.

"ஏன் தம்பி, பட்டது போதாதா? வெறும் கம்பை வச்சு ஆடுனா ஆகாதா? யாராச்சும் பாத்துட்டுப் போயி சொன்னா என்னா பண்ணுவீங்க?"

"பெட்டிப் பலகை அண்ணி. இதுக்குப் போயி யாரு என்னா சொல்லப் போறாங்க?" என்பார் சித்தப்பா.

வெளியாள் யாரும் போய்ச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களே போய்ச் சொன்னார்கள். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டப் போலீஸில் அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் போன தோட்டத்துத் தலைவர், அனுமதியை வாங்கிச் சட்டைப்பையில் வைத்ததோடு திரும்பியிருக்கலாம். இந்த வருஷம் எங்கள் நாடகத்தில் லைட் வைத்த பிஸ்டல் வருகிறது, மாத்தயா அவசியம் வந்து பார்க்க வேண்டும் என்று சார்ஜன்டிடம் பெருமை அடித்துவிட்டு வந்தார். மனுஷருக்குத் தோட்டத்தின்மேல் அவ்வளவு பாசம்.

சார்ஜன்ட் திருவிழா வரைக்கும் காத்திருக்கவில்லை. அன்று பின்னேரமே லயத்து வாசலில் ஜீப் வந்து நின்றது. அவரும், நீளத் துவக்கோடு, நிஜத் துப்பாக்கியோடு, ஒரு கான்ஸ்டபிளும் இறங்கினார்கள். அப்பா பந்தல் போடக் கோயிலுக்குப் போயிருந்தார். வாசலில் நின்ற சித்தப்பாவிடம் சார்ஜன்ட் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பிஸ்டல் எங்கே என்று கேட்டார். சித்தப்பாவின் முகம் வெள்ளைத் துணியாக வெளுத்துவிட்டது.

நம் பிஸ்டலைப் பார்க்க ஜீப்பிலேயே வந்துவிட்டார்கள், இவர் ஏன் இப்படி மலைத்து நிற்கிறார் என்று எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே ஓடினேன். பெட்டிமேல் ஏறிப் பரணிலிருந்து பிஸ்டலை எடுத்தேன். வாசலுக்கு வந்து, சித்தப்பா காட்டித் தந்தபடியே கையை நேராக நீட்டி, கிளிப்பை அழுத்தினேன். வெளிச்சம் சார்ஜன்டின் நெஞ்சில், விசில் சங்கிலி தொங்கும் இடத்தில், அச்சொட்டாக விழுந்தது.

கான்ஸ்டபிளின் துவக்கு மேலே வந்தது. நெருப்புக் குச்சி வைத்த அழகைப் பார்த்துத்தான் எல்லாரும் வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

அம்மா எப்படி வந்தாள் என்று தெரியாது. மாவு கையோடு எனக்கும் அந்தத் துவக்குக்கும் நடுவில் நின்றாள். என் கையிலிருந்து பிஸ்டலை எடுத்துப் பிடி முன்னால் இருக்கும்படி சார்ஜன்டிடம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். பலகைச் சத்தம் கேட்டதும் கான்ஸ்டபிள் துவக்கை இறக்கினான். ஆனால் சார்ஜன்டின் பார்வை சித்தப்பாவை விட்டு நகரவில்லை.

"மேக்க கவுத ஹெதுவே?" என்றார். யார் செய்தது என்று கேட்கிறார். அந்த அளவுக்கு எனக்கும் சிங்களம் தெரியும். பெயர் சொல்லிப் பெருமைப்பட இதைவிட நல்ல நேரம் வராது என்று வாயைத் திறந்தேன்.

"மம தமய் மாத்தயா. நான்தாங்க செஞ்சேன்" என்றாள் அம்மா.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. இத்தனை நாளும் திட்டித் தீர்த்தவள், பெரிய மனிதர் கேட்டதும் பெயரைத் தட்டிக்கொண்டு போகிறாளே! "இல்ல, சித்தப்பா..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் சித்தப்பாவின் உள்ளங்கை என் வாயை அடைத்தது. அவ்வளவு தன்னடக்கம் ஒரு மனுஷருக்கு ஆகாது என்று எனக்கு அழுகையே வந்தது.

சார்ஜன்டும் நம்பவில்லை. சிரித்துக்கொண்டே ரப்பர் வளையங்களைக் கழற்றி, டோர்ச்சை ஒரு பக்கமும் பிஸ்டலை ஒரு பக்கமும் அம்மா கையில் கொடுத்து, "சரி, செய்ங்க பாப்பம்" என்று தமிழிலேயே சொன்னார்.

அம்மா வாசலில் குந்தினாள். மாவு கையைச் சேலையில் துடைத்தாள். டோர்ச்சைக் குழலுக்கு அடியில் வைத்து வாயும் வாயும் ஒரே மட்டமா என்று விரலால் தடவினாள். கிளிப்பில் படாமல் முன்னுக்கு ஒரு வளையம், பின்னுக்கு ஒரு வளையம். அவள் விரல்களின் வேகம் கொழுந்து பறிக்கிற வேகம். காம்பிராவுக்குள் எதிர்ச் சுவரில் அடித்துப் பார்த்தாள், வெளிச்சம் கீழே இறங்கியது. கீழே விழுந்து கிடந்த நெருப்புக் குச்சியைத் தேடி எடுத்து, வால் பக்கம் செருகி, மறுபடி அடித்தாள். சுவரில் ஒட்டியிருந்த காலண்டரில் பிள்ளையாரின் நெஞ்சில் வெளிச்சம் நின்றது. "பின்னுக்கு வச்சா நெழல் விழுகும் மாத்தயா. குச்சி இல்லாட்டி காலுக்குப் போயிரும்" என்று விளக்கம் வேறு சொன்னாள். அடுப்புப் பக்கம் திரும்பி நின்று திட்டியவள் இத்தனையையும் எப்போது பார்த்தாள்?

சார்ஜன்ட் பிஸ்டலை வாங்கிச் சுவரில் நாலைந்து தடவை அடித்துப் பார்த்தார். கான்ஸ்டபிளின் தொப்பியிலும் ஒரு தடவை அடித்தார். "ஹொந்தய்" என்றார். நல்லாயிருக்கு என்று அர்த்தம். சித்தப்பாவின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கையால் காட்டிக் காட்டி ஒரு கட்டளை போட்டார். இதை வேறு யாரும் தூக்கிக்கொண்டு திரியக் கூடாது. மேடைக்கு அம்மாவே கொண்டுபோக வேண்டும், காட்சி முடிந்ததும் அம்மாவே வாங்கி உடைத்துவிட வேண்டும். ஜீப் வளைவில் மறைகிற வரைக்கும் அம்மா நின்றாள். பிறகு பொத்தென்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பா குனிந்து அவள் காலைத் தொட்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். நான் படித்து, வேலைக்குப் போய், மேடை ஏறிப் பேசியும் இருக்கிறேன். துவக்குக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கை நடுங்காமல் ஒரு நெருப்புக் குச்சியைச் செருக என்னால் ஆகாது. அவள் மகள் நான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்று இருக்கும் பெருமை வேறு எதிலும் இல்லை.

அன்று அப்படி இல்லை. திருவிழா அன்று மாலை நாடகம் நடந்தது. விளக்கை அணைத்தார்கள். கதாநாயகி அண்ணனை ஒரு கையில் சாய்த்துக்கொண்டு சித்தப்பா பிஸ்டலை நீட்ட, வெளிச்சம் கள்ளனின் நெஞ்சில் போய் விழுந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. முன்வரிசையில் சார்ஜன்ட் தொடையில் தட்டிச் சிரித்தார். காட்சி முடிந்து அம்மா மேடைக்கு வந்து பிஸ்டலை வாங்கியபோது, இந்த அருமையான பிஸ்டலைச் செய்தவர் இவர்தான் என்று தலைவர் ஒலிபெருக்கியில் அம்மாவின் பெயரைச் சொன்னார். தோட்டமே கைதட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் சித்தப்பா.

நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சித்தப்பா மேடையிலிருந்து இறங்கி வந்து, என் இரண்டு கையையும் பிடித்துத் தட்ட வைத்தார். இன்ஸ்பெக்டர் மீசைக்கு மேலே அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பாவம், செய்தது தான் என்று ஒருவரும் சொல்லவில்லையே என்றுதான் இப்படி அழுகிறார் என்று எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் அம்மாவோடு பேசவே இல்லை.