மைக் அக்காவின் காது

பேருந்து நிலையத்தில் எல்லாரும் அவளை மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாடியில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மேசை, அதன் மேல் கழுத்து வளைந்த மைக் ஒன்று. அங்கே உட்கார்ந்துகொண்டு எந்த வண்டி எந்த மேடையிலிருந்து கிளம்புகிறது என்று சொல்வது அவள் வேலை. ஏனோதானோ என்று சொல்கிற ஆள் இல்லை. பெஞ்சில் தூங்குகிறவன் திடுக்கிட்டு எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், அப்படிச் சொல்வாள். ஒருநாள் மைக் பழுதானபோது ஜன்னலைத் திறந்து வைத்து, வெறும் தொண்டையிலேயே பிற்பகல் வரை சமாளித்திருக்கிறாள். அதைப் பதக்கம் வாங்கியவள் மாதிரி போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டிலும் அதே தொண்டைதான். மாமியாருக்குக் காது மந்தம். மெஷின் வாங்கித் தருகிறேன் என்று மகன் கெஞ்சிப் பார்த்தும் அந்த அம்மாள் மசியவில்லை. "எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்கதான் எல்லாரும் முணுமுணுக்கறீங்க" என்பார். ஆகவே மருமகள் கத்தினாள். காபி வேண்டுமா என்று அவள் மாமியாரைக் கேட்டால் கீழ்வீட்டுக்காரர், "எனக்கு வேண்டாம்மா, இப்பத்தான் குடிச்சேன்" என்பார். டிவியோ எப்போதும் உச்சத்தில் அலறும். பிளம்பர் வேலை பார்க்கும் கணவர் மட்டும் அதிகம் பேச மாட்டார். பேசினாலும் அந்த வீட்டில் எடுபடாது.

இப்படிப்பட்டவளுக்கு வினை காதில் போய் உட்கார்ந்தது.

ஆரம்பம் என்னவோ காலில்தான். இடது பாதம் மரத்துப்போனது. நாற்காலியில் சப்பணம் போட்டு உட்காரும் புத்திக்கு இது வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு கை விரல்களில் எறும்பு ஊறியது. கொஞ்ச நாளில் சத்தங்கள் வளர ஆரம்பித்தன. டம்ளரில் கரண்டி படும் சத்தம் பல்லுக்குள் இறங்கியது. காகிதம் கசங்கினால் யாரோ தகரத்தை மடக்குவது போலிருந்தது. தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. உலகத்தில் எல்லாரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு சத்தம் போடுகிறார்கள் என்றுதான் நினைத்தாள்.

"அதென்ன மெல்லுறீங்க, மாடு மாதிரி?" என்று ஒருநாள் சாப்பாட்டின் நடுவில் கணவர் மேல் பாய்ந்தாள்.

அவர் வாயில் இருந்ததை அப்படியே கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "மெல்லாம எப்படி முழுங்கறது?" என்றார்.

"ஊற வச்சு முழுங்குங்க."

அன்றிலிருந்து அந்த மனிதர் கஞ்சியும் வாழைப்பழமுமாகக் காலம் தள்ளினார். அடுத்து மாடிவீட்டுக் குழாய். சொட்டு விழும் ஒவ்வொரு தடவையும் ஆணி அறைவது போலிருக்கிறது என்று புலம்பி, கணவரைக் கருவிப் பையோடு மேலே அனுப்பினாள். அங்கே குழாய்கள் எல்லாம் சமர்த்தாக இருந்தன. தேடிக்கொண்டு போனதில் சொட்டியது எதிர்க் கட்டடத்தின் பின்பக்கத்துக் குழாய். அதையும் அடைத்துவிட்டு வந்த கணவர் அவளைச் சற்று வித்தியாசமாகப் பார்த்தார். "என் காது எப்படி?" என்று பெருமையாகக் கேட்டாள் அவள். புத்தியுள்ளவளாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். தனக்குப் புத்தி இருந்ததாக அவள் இன்றுவரை எங்கும் சொல்லிக்கொண்டதில்லை.

நிலையத்தில் மானம் போனது ஒரு திங்கட்கிழமை காலையில். விடுமுறை முடிந்து திரும்புகிற கூட்டம். மேனேஜர் ஏதோ கேட்பதற்காகக் கண்ணாடி அறைக்குள் வந்தார். புது செருப்பு. வைக்கிற அடியெல்லாம் கீச்சிட்டது. அதே சமயம் மைக்கும் சேர்ந்து கிறீச்சென்று அலற, அவளுக்குக் காதுக்குள் யாரோ கத்தியைச் செருகித் திருகியது போலிருந்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள்:

"ஐயோ, இந்தாளு செருப்ப யாராவது புடுங்கி எறியுங்களேன்!"

மைக் திறந்துதான் இருந்தது. எல்லா மேடைகளிலும், கழிப்பறையிலும், டீக்கடையிலும் அறிவிப்பு மிகத் தெளிவாகக் கேட்டது. அவள் சத்தத்திலிருந்து தப்பித்து ஓட எழுந்தாள். கால் வரவில்லை. மேசையைப் பிடித்தபடியே மேனேஜரின் அந்தச் செருப்பு மேலேயே சரிந்தாள்.

கீழே ஒரு பெரியவர் அக்கறையாக விசாரித்தாராம்: "செருப்பு சரி, எந்த மேடைன்னு சொல்லலையே?"

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். சத்தம் தாங்காதவளைக் கொண்டுபோய்ச் சுரங்கம் மாதிரி ஒரு குழலுக்குள் படுக்க வைத்து, நாலாபக்கமும் சம்மட்டியால் அடிப்பதற்குப் பெயர் ஸ்கேன். காதில் பஞ்சு, அதற்கு மேல் மூடி, எல்லாம் போட்டும் கண்ணீர் வழிந்தது. அசையக் கூடாது என்றதால் துடைக்கவும் முடியவில்லை. அடுத்த அறையில் காது சோதித்த பெண் அவளுக்கு வாழ்த்தே சொன்னாள். "இந்த வயசுல இவ்வளவு நல்ல காதை நான் பார்த்ததே இல்லம்மா!"

நரம்பு டாக்டர் மெல்லப் பேசுகிறவர். அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது. நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். ஊர்ப்பட்ட ஊர்ப் பெயர்களை மூச்சு விடாமல் சொல்கிறவள், இதைச் சொல்லப் பார்த்து இரண்டு முறை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கரன்ட் வயர் மேல ரப்பர் இருக்கும் பாருங்க. மூளையில ஓடற நரம்புக்கும் அந்த மாதிரி ஒரு உறை உண்டு. உங்க உடம்பே அதை அங்கங்க அரிச்சிடுது. கால் தள்ளாடறது, கை மரத்துப் போறது எல்லாம் அதனாலதான்."

"காது?"

"காதுல ஒரு கோளாறும் இல்ல. உள்ள வர்ற சத்தத்தை இது பெருசு, இது சின்னதுன்னு பார்த்து மட்டுப்படுத்தறது மூளை. அந்த வழியில ஒரு இடம் கெட்டிருக்கு."

"அப்ப வால்யூம் குறைக்கற குமிழ் கழண்டு போச்சு."

டாக்டர் சிரித்தார். "கிட்டத்தட்ட. ஆனா ஒண்ணு கேளுங்க. பயந்துக்கிட்டு எந்நேரமும் காதை அடைச்சு வைக்காதீங்க. அடைக்க அடைக்க மூளை இன்னும் அலறும். ரொம்ப இரைச்சலான இடத்துல மட்டும் மூடுங்க. மத்த நேரம் சின்ன சின்ன சத்தமா பழக்கணும்."

இதற்குத் தலையைத் தலையை ஆட்டிவிட்டு, போகிற வழியிலேயே மருந்துக் கடையில் காதடைப்பான் ஒரு பெட்டி வாங்கினாள்.

வீடு ஊமையானது. கணவர் நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய சாக்ஸ் மாட்டிவிட்டார். கதவு கீல்களுக்கு எண்ணெய் விட்டார். வீட்டுக்குள் திருடன் மாதிரி நடந்தார். மிஞ்சியது பிரிட்ஜ் ஒன்றுதான். அதை அணைக்கலாம் என்றால் நரம்புக்குப் போடுகிற ஊசி மருந்தை அதற்குள்தான் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நோய்க்கு மருந்து காவல், மருந்துக்கு பிரிட்ஜ் காவல், இந்த மூன்றுக்கும் நடுவில் தான் என்று படுத்த படுக்கையில் சிரிப்பு வந்தது. சிரித்தால் அவள் சிரிப்பே அவள் காதைக் கிழித்தது.

டிவியின் சத்தம் நின்றுபோனது. சத்தமில்லாமல் ஓடினால் போதும் என்று மாமியார் சொல்லிவிட்டார். மத்தியானம் பூராவும் தொடரில் வருகிறவர்கள் வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைக் காணும்போது மருமகளுக்குக் குறுகுறுக்கும். பாவம், என்ன புரியும் என்று நினைத்துக்கொள்வாள். ஆனாலும் சத்தத்தை வை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒருநாள் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. மாமியார் அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மருமகள் கைத்தடியை ஊன்றிச் சமையலறை வாசல் வரை வந்துவிட்டாள், அதற்குமேல் கால் ஓடவில்லை. கத்தவும் துணிவில்லை. மாமியார் ஏதோ தோன்றித் திரும்பினார். இவள் குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்: பால், பால்.

மாமியார் சட்டென்று திரும்பி அடுப்பை அணைத்தார்.

இவளுக்கு நம்ப முடியவில்லை. இன்னொன்றைச் சோதித்துப் பார்த்தாள். "வெங்காயம் நிறைய உரிச்சிட்டீங்க அத்தை" என்று உதட்டாலேயே சொன்னாள்.

"இருக்கட்டும், நாளைக்கும் ஆகும்" என்றார் மாமியார்.

"உங்களுக்கு நான் பேசறது புரியுதா?"

"நல்லாப் புரியுதே. இப்பத்தான் நீ ஒழுங்காப் பேசற."

"அப்ப முன்னாடி?"

"கத்தறப்ப உன் வாய் கோணிக்கும். கண்ணு பிதுங்கும். அதுல என்னத்தைப் பார்க்கறது? கோவமா இருக்கேன்னு மட்டும் தெரியும்."

மருமகள் கைத்தடியோடு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கத்திய கத்தெல்லாம் கண்முன் வந்தது. "அப்ப இத்தனை வருஷமா நான் யாருக்காகக் கத்தினேன்?"

மாமியார் வெங்காயத் தோலை அள்ளிக்கொண்டே சொன்னார். "கீழ்வீட்டுக்காரருக்கு."

அதன் பிறகுதான் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள் என்று சொல்ல வேண்டும். பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. தொடரில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று மாமியார் வாயசைவு பார்த்தே சொல்லிவிடுவார். மருமகள் உதட்டாலேயே கேள்வி கேட்பாள். மாமியாரும் அவளுக்காகக் குரலைத் தணித்து, காற்று மாதிரி பதில் சொல்லப் பழகிக்கொண்டார். கணவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் தலைக்கு மேலேயே அவரைப் பற்றி வம்பு நடக்கும். "என்ன சிரிக்கறீங்க?" என்று அவர் கேட்டால் இரண்டு பேரும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

ஆனால் மாமியார் அவளைச் சும்மா விடவில்லை. ஒருநாள் அவள் காதில் இருந்த அடைப்பானைச் சுட்டிக் காட்டினார்.

"டாக்டர் எந்நேரமும் இதை வைக்காதேன்னாராமே. உன் புருஷன் சொன்னான்."

"உங்களை மெஷின் வச்சுக்கச் சொன்னாங்களே, நீங்க வச்சீங்களா?" என்றாள் இவள். நோய்க்காரி ஆனால் வாயுமா குறைந்துவிடும்.

மாமியார் தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "சரி. நீ அதை எடு, நான் இதை வைக்கறேன்" என்றார்.

மெஷின் வந்தது. மாமியார் அதை மாட்டிக்கொண்டதும் உய்ய்ய் என்று மெலிதாக ஒரு விசில் கிளம்பியது. மாமியாருக்கு அது கேட்கவில்லை, கணவருக்கும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அதைக் கேட்கும் பாக்கியம் ஒரே ஒருத்திக்குத்தான். "அத்தை, கழட்டுங்க!" என்று அவள் அலறியதில், அந்த அலறல் மெஷின் வழியாக மாமியாரின் காதைத் துளைத்தது. அவரும் அலறினார். இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள்.

"உனக்கு தினமும் இப்படியா இருக்கு?" என்று கேட்டார் மாமியார். அவர் கண்ணில் தண்ணீர்.

அவள் தலையாட்டினாள். டாக்டர், நர்ஸ், மேனேஜர், சொந்தக்காரர்கள் என்று எத்தனையோ பேரிடம் விளக்கிப் பார்த்துவிட்டாள், ஒருவருக்கும் விளங்கவில்லை. காதே கேட்காதவருக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கு அவள் கேலி எதுவும் பேசவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது அபூர்வம்.

கடைக்காரர் அளவைச் சரிசெய்து கொடுத்ததும் விசில் நின்றது. அவளும் அடைப்பானை எடுத்துவிட்டு மின்விசிறியில் தொடங்கி, மழைச் சத்தம், மெல்லிய ரேடியோ என்று பழகினாள். ஒரு வாரம் முன்னேறுவாள். மறு வாரம் கண் மங்கி, கால் துவண்டு, மறுபடி ஊசிக்கு ஆஸ்பத்திரி போவாள். திரும்பி வந்தால் டம்ளர் சத்தம் மறுபடி பல்லில் இறங்கும். "பரமபதத்துல பாம்பு மட்டும் என் பேர்ல பட்டா போட்டிருக்கு" என்பாள். குமிழ் முழுசாகத் திரும்பி வரவில்லை. இனி வராது என்று டாக்டரும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். கணவர் ஒருநாள் அவள் எதிரிலேயே ரொட்டியை மொறுமொறுவென்று மென்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசித் துண்டு வரை உட்கார்ந்திருந்தாள். மனுஷர் இளைத்துப் போயிருந்தார்.

வேலை போயிற்று என்றுதான் நினைத்திருந்தாள். மேனேஜர் கூப்பிட்டு விசாரணை ஜன்னலில் உட்காரச் சொன்னார். கனமான கண்ணாடி, நடுவே ஒரு சின்னத் துளை. அறிவிப்புக்கு அவளுடைய பழைய குரலையே பதிவு செய்து வைத்திருந்தார்கள். ஆகவே அன்றாடம் காலை முதல் அவள் குரல் ஒலிபெருக்கியில் முழங்க, கீழே அவளே உட்கார்ந்து அதைக் கேட்டாக வேண்டும். மூன்றாம் நாள் மேனேஜரிடம் போய், "சார், இத்தனை வருஷம் இதை எப்படிப் பொறுத்துக்கிட்டீங்க? நானா இருந்தா மைக்கப் புடுங்கியிருப்பேன்" என்றாள். அவர் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார். ஒருவரும் வண்டியைத் தவறவிடவில்லை.

போன வாரம் மாமியாரும் மருமகளும் துணி எடுக்கக் கடைக்குப் போனார்கள். மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார், அவளுக்குக் கால் நிதானம் போதாது. கடைக்குள் சளசளப்பு அதிகம் என்று மாமியார் மெஷினைக் கழற்றிப் பையில் போட்டிருந்தார். திரும்பும்போது சாலை நடுவில் ஒரு லாரி காதைப் பிளக்கும்படி ஹாரன் அடித்தது. மருமகள் கண்ணை இறுக மூடிச் சிலையாக நின்றுவிட்டாள். மாமியாருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஏன் இவள் நின்றாள் என்று அவரும் நின்றார். லாரி பிரேக் போட்டது. டிரைவர் தலையை வெளியே நீட்டி வாய்க்கு வந்தபடி திட்டினார்.

மாமியார் அவர் வாயையே உன்னிப்பாகக் கவனித்தார். கடைசி வரை பார்த்து முடித்துவிட்டு, குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து நீளமாக ஏதோ பதில் சொன்னார். டிரைவர் விழித்தார். "என்ன சொல்லுது இந்தம்மா?" என்று அவர் கேட்டபோது இருவரும் நடைபாதை ஏறியிருந்தார்கள்.

மாமியார் சொன்னது மருமகளுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. அவ்வளவு அசிங்கமான வார்த்தைகள் இவருக்குத் தெரியும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. வீடு போய்ச் சேரும் வரை சிரித்துக்கொண்டே நடந்தாள். காதும் வலித்தது, காலும் வலித்தது.