மஞ்சள் ஏறிய பேக்கன் சுருள்

கெசியா கை கழுவியதும் விரல் நுனியை ஒரு தடவை மோந்து பார்ப்பாள். கீரை ஆய்ந்திருந்தாலும் பார்ப்பாள், வெறும் சோறு வடித்திருந்தாலும் பார்ப்பாள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கவனிப்பதில்லை. நான் கவனித்திருக்கிறேன். ஒரே வீட்டில் வாக்கப்பட்ட ஓரகத்திகள் நாங்கள். நான் மூத்தவள், அவள் இளையவள். ஆட்களோடு அதிகம் பேச எனக்கு வராது. அதனால் பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கமாகிவிட்டது.

அவள் திசையன்விளைப் பக்கத்துச் செம்மண் பூமியில் பிறந்தவள். வாந்திபேதியில் தாயும் தகப்பனும் போன பிறகு, பாளையங்கோட்டை மிஷன் விடுதியில் வளர்ந்தாள். வயசுக்கு வந்ததும் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் பிள்ளை தூக்கும் ஆயாவாகச் சேர்த்தார்கள். பிள்ளை தூங்குகிற நேரமெல்லாம் சமையலறையில் நின்று பட்லருக்கு ஒத்தாசை செய்திருக்கிறாள். இறைச்சி வாடையுள்ள கையோடு பிள்ளையைத் தொட்டால் துரைசானி சத்தம் போடுவாளாம். மோந்து பார்க்கும் பழக்கம் அங்கே வந்ததுதான்.

நகை நட்டு ஒன்றும் கொண்டுவராமல்தான் 1906-இல் என் கொழுந்தன் தானியேலைக் கட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு அப்போது அவள்மேல் இரக்கம் இருந்தது. முக்கூடலிலிருந்து நான் வண்டி நிறையப் பாத்திரத்தோடு வந்தவள் அல்லவா. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியிருந்தாலும் அடுப்பு வேலையில் என்னை ஒருவரும் குறை சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அடுப்படி ஒருத்திக்குத்தான். அவள்தான் குழம்பு கூட்டுவாள், விருந்தாளிக்கு என்ன வைப்பது என்று சொல்லுவாள், நல்ல வார்த்தையும் வாங்கிக்கொள்ளுவாள். மற்றவளுக்குப் பின்கட்டு: அரைப்பு, மீன் கழுவல், பாத்திரம். நான் வந்த நாள் முதல் அடுப்படி என்னுடையது. கெசியா ஐந்து வருஷம் பின்கட்டில் அம்மியோடு கிடந்தாள். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அதுவே எனக்கு ஒரு உறுத்தல்தான்.

1911-இல் தானியேலின் துரைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. தானியேல் கால்வாய் ஆபீசில் கிளார்க்கு. துரையையும் துரைசானியையும் வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்துவிட்டான். அழைத்ததோடு விட்டானா? தூத்துக்குடியில் கப்பல் சாமான் விற்கும் கடையிலிருந்து ஒரு பொட்டலமும் வாங்கி வந்தான். கோணித்துணியில் வைத்துத் தைத்த பன்றி இறைச்சிப் பாளம். உப்பும் புகையும் ஏற்றியது. பேக்கன் என்றான்.

"மைனி, துரைக்கு இதுன்னா உசிரு. கெசியாவுக்கு இதப் பழத்துல சுத்திச் சுருட்டத் தெரியும். ஒரு நாளைக்கு அவ அடுப்புல நிக்கட்டுமே" என்றான் என்னிடம்.

நான் எங்கள் மாமியாரான அத்தையைப் பார்த்தேன். அத்தை, "ஒரு நாள்தானட்டி. நீ முந்திரிக்கொத்து போட்டு வையி. அதுவும் இருக்கட்டும்" என்றாள்.

அதுவும் இருக்கட்டுமாம். ஒரு நாள் என்றார்கள். கொடுத்த அடுப்படி எனக்குத் திரும்பி வருமா என்று எனக்குத்தான் பயம்.

முந்தின நாள் கெசியா சுருளில் குத்துவதற்கு ஈர்க்கு ஒடித்து, நுனி சீவித் தண்ணீரில் ஊறப்போட்டாள். ஊறாத ஈர்க்கு கல்லில் கருகிவிடுமாம். பேரீச்சம்பழத்துக்குக் கடைவீதிவரை ஆள் அனுப்பினாள். நாங்கள் எப்போதும் சாமான் வாங்குகிற மதார் அண்ணாச்சி கடை பக்கத்திலேயே இருந்தது.

"மதார் அண்ணாச்சி கடையில இல்லாத பழமாட்டி?" என்று கேட்டேன்.

"இருக்கு அக்கா. நோம்பு துறக்க விக்கிற பழத்த அவுக கையால வாங்கி, இந்தப் பன்னி இறைச்சிக்குள்ள வைக்க எனக்கு மனசு வரல" என்றாள்.

அதிலும் அவள் பேரில் குற்றம் சொல்ல எனக்கு இடம் கிடைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் பாளத்தை மெல்லிய நாடாவாக அரிந்து தட்டில் அடுக்கி வைத்துவிட்டு, கெசியா குளிக்கப் போனாள். நான் பின்கட்டில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஈரத்தலையோடு திரும்பி வந்தபோது அடுப்படியில் அத்தை குரல் கேட்டது.

"ஏட்டி, இறைச்சியக் கழுவாமலா வச்சிட்டுப் போன? நல்லவேள, நான் பாத்தேன். உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி வச்சிருக்கேன்."

எங்கள் வீட்டில் உப்பும் மஞ்சளும் படாமல் எந்த இறைச்சியும் அடுப்பேறாது. அத்தை செய்ததில் தப்பில்லை. கெசியா தட்டைப் பார்த்தபடி நின்றாள். நாடா நாடாவாக எல்லாம் மஞ்சள்.

"அத்த, இது உப்புலயே கெடந்த இறைச்சி. கப்பல்ல கெட்டுப்போகாம இருக்கப் போட்ட உப்பு."

"அப்ப நான் போட்டது?"

"அது மேல் உப்பு அத்த."

தானியேல் ஓடி வந்தான். ஒரு துணுக்கைக் கிள்ளிக் கல்லில் வாட்டி வாயில் போட்டவன் அப்படியே துப்பினான்.

"கடல் தண்ணிகூட இப்படிக் கரிக்காது! இன்னும் செத்த நேரத்துல வண்டி வந்துருமே. மைனி, உங்க முந்திரிக்கொத்து இருக்குல்லா? அதையே வச்சிருவோம்."

"இருக்கு கொழுந்தனாரே, பானை நெறைய இருக்கு" என்றேன். அன்றைக்கு என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. வயிறு குளிர்ந்தது.

கெசியா அழவில்லை. "அரிசி களைஞ்ச தண்ணிய ஊத்திட்டீயளா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். ஊற்றவில்லை, மாட்டுக்கு வைத்திருந்தேன். அதை இளஞ்சூடாக்கி, இறைச்சியைப் போட்டுப் பைய அலசினாள். கலங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஊறவைத்தாள். வாயில் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் ஊறவைத்தாள். உப்பு இறங்கியது. மஞ்சள் போகவில்லை.

அப்புறம் வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்தாள். பேரீச்சம்பழத்தில் கொட்டையை நீக்கி, அந்த இடத்தில் முந்திரிப்பருப்பை வைத்தாள். ஒவ்வொரு பழத்தையும் ஒரு நாடாவால் இறுக்கிச் சுற்றி ஈர்க்கு குத்தினாள். எண்ணெய் ஊற்றாமல், சூடான தோசைக்கல்லில் மடிப்பு அடியில் இருக்கும்படி வைத்தாள். கொழுப்பு உருகி அதிலேயே வெந்தது. புகைவாடையும் பொரியும் மஞ்சள் வாசமும் கலந்து வந்தபோது எனக்கு நாவில் எச்சில் ஊறியது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

விருந்தாளிகள் வந்தார்கள். நான் முன்கூடத்துக்குப் போகவில்லை. புது ஆட்கள் முன்னால் எனக்குக் கால் ஓடாது. கதவிடுக்கில் நின்றேன். கெசியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, இரண்டு தட்டையும் கொண்டுபோய் வைத்தாள். துரைசானி முதலில் என் முந்திரிக்கொத்தைத்தான் எடுத்தாள். கடித்தாள். கடினமாக இருந்ததோ என்னவோ, மீதியைத் தேநீர்த் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டாள். துரை ஒரு சுருளை எடுத்துத் தின்றார். இன்னொன்று எடுத்தார். ஈர்க்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னவோ கேட்டார். கெசியா பங்களாவில் பழகிய இங்கிலீஷில் பதில் சொன்னாள்.

அத்தை தாங்கமாட்டாமல், "என்னட்டி கேக்காரு?" என்றாள்.

"மஞ்ச எதுக்குன்னு கேக்காரு அத்த."

"நீ என்ன சொன்ன?"

"எங்க அத்த பக்குவம்னு சொன்னேன்."

துரை அத்தையைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். அத்தை முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை, என் கல்யாணத்தன்றுகூட. எத்தனையோ வருஷம் குழம்பு கூட்டியிருக்கிறேன். என் குழம்பை அத்தை பக்குவம் என்று ஒருநாளாவது நான் சொன்னதில்லை. சொல்லத் தோன்றியதுமில்லை. தட்டு காலியாகும் முன்பே அடுப்படி கைமாறிவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

மறுநாள் காலையில் நான் அடுப்புப் பற்றவைக்கப் போனபோது அத்தை, "நீ இன்னைக்கு அம்மியப் பாரு. கெசியா நிக்கட்டும்" என்றாள். இன்னைக்கு என்றுதான் சொன்னாள். ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "துரை ரெண்டு மூணுன்னு எடுத்தாரு, எம் பக்குவம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். என் வீட்டுக்காரர் கிருபைராஜும், "நல்லாத்தான் இருந்துச்சு, நீயும் ஒண்ணு தின்னு பாத்திருக்கலாம்லா" என்றார். ராத்திரிச் சாப்பாட்டை நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

பிறகு மிஷன் வாத்தியார் வீட்டு விருந்து, டாக்டர் வீட்டுப் பெயர்சூட்டு, எதற்கும் கெசியாவைக் கூப்பிட்டார்கள். எல்லாரும் மஞ்சள் போட்ட சுருள்தான் வேண்டும் என்றார்கள். யுத்தம் வந்து கப்பல் சரக்கு நின்றபோது, இனி முடிந்தது என்று நினைத்தேன். அவள் நாட்டுப் பன்றியின் வயிற்றுப்பகுதியை வாங்கி, உப்பிட்டு, அடுப்புக்கு மேலே உறியில் தொங்கவிட்டு, சிரட்டைப் புகை காட்டினாள். கொஞ்சம் தடிப்பாக வந்தது, ஆனாலும் சுருண்டது.

ஒருநாள் அவள் சீவிய ஈர்க்கு கல்லில் பிளந்துகொண்டது. "அக்கா, உங்க கைக்குத்தான் மெல்லிசா வரும், சீவித் தாங்களேன்" என்றாள். சீவிக் கொடுத்தேன். அதுவும் என் வேலையாயிற்று.

யுத்தம் முடிந்துவிட்டது. அத்தை படுத்த படுக்கையாக இருக்கிறாள். கஞ்சியைக் கெசியா கையால்தான் குடிப்பாள். அடுப்படி கெசியாவிடம் இருக்கிறது. பின்கட்டும் ஈர்க்குச் சீவலும் என்னிடம் இருக்கின்றன. அந்தச் சுருளை இதுவரை நான் தின்று பார்த்ததில்லை.