கேரம் பவுடரும் ராம் டிஸ்க்கும்

துறைமுகக் கிரேன்களில் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற பீம்ராவுக்கு, வருஷத்தில் ஒரு நாள் பெருமை. தண்டையார்பேட்டை கேரம் கிளப் ஃபைனலில், கீபோர்டுக்குள்ளேயே மொத்த மெஷினும் அடங்கிய அவருடைய அரதப்பழசான கம்ப்யூட்டர்தான் டிவியில் ஸ்கோர் காட்டும். புரோகிராம் அவரே எழுதியது. ஆட்டத்துக்கு இரண்டு முறையாவது உறைந்துபோகும். ஃப்ளாப்பியிலிருந்து மறுபடி கிளப்ப வேண்டும்.

இந்த வருஷம் ஃப்ளாப்பி டிரைவே படுத்துவிட்டது. திறந்தால் உள்ளே வெள்ளைவெளேரென்று கேரம் பவுடர். எவ்வளவு துடைத்தும், பத்துத் தடவை போட்டால் ஒரு தடவைதான் படித்தது.

ஃபைனலன்று காலை ஒரு வழி பிடித்தார். ராம் மெமரியில் ஒரு பகுதியை டிஸ்க் மாதிரி ஒதுக்கி, படித்த அந்த ஒரு தடவையிலேயே ஃப்ளாப்பி முழுவதையும் அதில் ஏற்றி, அதிலிருந்தே மெஷின் கிளம்பும்படி செய்தார். ரீசெட் அடித்தார். டிரைவ் முனகவே இல்லை. ஸ்கோர் போர்டு வந்து நின்றது.

"ரமா, வந்து பாரேன்! ஃப்ளாப்பியே வாணாம்."

"அப்பொறம் இன்னாத்துக்கு மூஞ்சி இப்டிக் கீது?" என்றாள் மனைவி ரமாபாய்.

"ரீசெட்டு தாங்கும். கரண்டு போனா அல்லாம் பூடும்."

ஆகவே கம்ப்யூட்டர் அணையாமலே ஆட்டோ ஏறியது. அவர் மடியில் கம்ப்யூட்டர். ரமாபாய் மடியில் கீங் கீங்கென்று கத்தும் யுபிஎஸ்.

"இன்னாக்கா, பேஷண்டுக்கு குளுகோஸ் ஏத்திக்கினே இட்டுகினு போறீங்களா?" என்றார் ஆட்டோக்காரர்.

"பள்ளம் பாத்து ஓட்டு நைனா."

கிளப்பில் செயலாளர் ஹபீபுல்லா டிவியோடு காத்திருந்தார். "வந்துச்சா உன் பேஜாரு புடிச்ச பொட்டி?"

மேஜையில் இறக்கியாயிற்று. டிவி வயரை மாட்டுவதுதான் பாக்கி. பீம்ராவ் ஒரு கையில் வயரை எடுத்தார். இன்னொரு கை தானாகப் போய் யுபிஎஸ்ஸை அணைத்தது. கிரேனில் எந்த வயரைத் தொடும் முன்பும் அது செய்கிற வேலை.

கத்தல் நின்றது. யுபிஎஸ்ஸை மறுபடி போட்டு, ஃப்ளாப்பியைப் பன்னிரண்டு தடவை செருகிப் பார்த்தார். படிக்கவில்லை.

"இம்மாந்தூரம் சொமந்துகினு வந்து, கடசீல என் கையே…"

"உடுய்யா. அந்தக் கை அப்டி இருக்கங்காட்டியும்தான் முப்பது வருசமா டூட்டி முடிஞ்சு முழுசா வூட்டுக்கு வந்தே" என்றாள் ரமாபாய்.

ஹபீபுல்லா கரும்பலகையைக் கொண்டுவந்து சாத்தினார். "மாமு, இது ஹேங் ஆவாது."

பீம்ராவ் சாக்பீஸை வாங்கி, திரையில் வருகிற அதே கட்டங்களை ஒன்று பிசகாமல் போடத் தொடங்கினார்.