தங்கச்சியின் சுடுதண்ணிப் பை

என் மேசை இழுப்பறையில் சிவப்பு ரப்பரால் ஆன சுடுதண்ணிப் பை ஒன்று இருக்கிறது. கொழுந்துக்கூடை சுமந்து இடுப்புப் பிடித்துப்போன அம்மாவுக்காக அப்பா ஹட்டனில் வாங்கி வந்தது. ஆனால் அதை அம்மா வைத்துப் படுத்ததைவிட என் சின்னம்மாவின் மகள் வைத்துப் படுத்ததுதான் அதிகம். பள்ளி விடுமுறைக்குப் பூண்டுலோயாவிலிருந்து அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வருவாள். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் குரங்குத் தொப்பி, அப்படியும் பல் கிட்டிக்கும். "பாவங்க, நம்ம குளிரு இந்தப் புள்ளைக்குத் தாங்காதுங்க" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே அம்மா அடுப்பிலிருந்து தண்ணீரை ஊற்றிப் பையை நிரப்புவாள். ஒரே கம்பளிக்குள் பக்கத்தில் படுத்திருக்கும் நான் காலை நீட்டினால், தங்கச்சி பையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொள்வாள். எனக்கும் குளிரும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கு வயிறு எரியும், அவ்வளவுதான் சூடு.

பின்னாளில் நுவரெலியாவில் ஒரு விலங்கு ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. எலிகளுக்குக் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை மருந்தை ஊசி மூலம் செலுத்தி, அது உடம்பில் எங்கெங்கே போய்ச் சேருகிறது என்று ஸ்கேன் இயந்திரத்தில் படம் எடுப்போம். புற்றுக்கட்டி சர்க்கரையை விழுந்து விழுந்து தின்னும். ஆகவே படத்தில் பளிச்சென்று ஒளிரும். என் எலிக்குக் கட்டி தோளருகே. புதிய சிகிச்சைக்கு அது சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல படம் எடுத்துக் காட்டுபவரை மேற்பயிற்சிக்கு வெளிநாடு அனுப்புவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். அந்த இடம் எனக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள், நானும் நம்பினேன். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சியும் அதே கூடத்தில் வேலைக்கு வந்து சேர்ந்தாள். அம்மா அந்தப் பையை அவளிடமே கொடுத்து அனுப்பியிருந்தாள்.

என் படங்களோ சகிக்கவில்லை. தோளைச் சுற்றி ஒரே ஒளிக்கூட்டம். கட்டி எது, மற்றது எது என்று பிரிக்க முடியாது. மருந்து கொழும்பிலிருந்து வேனில் வருகிறது, வழியிலேயே நிமிடத்துக்கு நிமிடம் வலு குறைந்துகொண்டிருக்கும். ஆகவே ரம்பொடை மலைப்பாதை வளைவுகளைத் திட்டினேன். டிரைவரைத் திட்டினேன். பிறகு கணினியில் உட்கார்ந்து படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலைக் குறைக்கும் கணக்குகளை மாற்றி மாற்றிப் போட்டேன். படம் வழவழப்பானதே தவிர, தோளில் ஒளிர்ந்தது அப்படியேதான் இருந்தது.

வேன் எப்போது வந்தாலும் தயாராக இருக்க வேண்டுமென்று எலியை வளர்ப்பறையிலிருந்து காலையிலேயே ஸ்கேன் அறைக்குக் கொண்டுவந்து வைப்பது என் வழக்கம். ஜன்னலையும் திறந்து வைப்பேன். அக்கரப்பத்தனைக் காற்றில் வளர்ந்த எனக்கு மூடிய அறையில் மூச்சு முட்டும். தங்கச்சி மூலையில் கழுத்துத் துணியும் மடியில் சுடுதண்ணிப் பையுமாக உட்கார்ந்திருப்பாள். கூடமே அவளைக் கேலி செய்தது, நான் கொஞ்சம் கூடுதலாகவே செய்தேன்.

ஒரு நாள் என் படத்தை எட்டிப் பார்த்தவள், எலிக்கூண்டையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, இதுக்குக் குளிருதுக்கா."

"ஒனக்குக் குளிருனா ஊருக்கே குளிரணுமா?"

"இல்லக்கா. குளிருனா எலி ஒடம்பச் சூடாக்கத் தோளுக்கு நடுவுல இருக்க கொழுப்ப எரிக்கும்ல? அந்தக் கொழுப்பும் சக்கரையத் திங்குது. அதான் அங்க ஒரே வெளிச்சமாத் தெரியுது."

நானும் படித்த பாடம்தான். குளிர் என்று ஒன்று அந்த அறையில் இருப்பதே என் புத்திக்கு எட்டவில்லை. அவள் எழுந்து ஜன்னலை மூடினாள். பையில் வெதுவெதுப்பான தண்ணீரை மாற்றி ஊற்றி, பாலித்தீன் சுற்றி, கூண்டின் பாதிக்கு அடியில் வைத்தாள். சூடு அதிகமானால் எலி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளட்டும் என்றாள். வேன் வந்து ஊசி போட்ட பிறகும் பையை எடுக்கவில்லை. அன்றைய படத்தில் தோள் இருட்டாக இருந்தது. அந்த இருட்டில் கட்டி மட்டும் மிளகு அளவில் தனியாக ஒளிர்ந்தது.

நான் எத்தனையோ மாதம் ஏங்கிய படம் அது. அதைப் பார்த்ததும் அழிக்க வேண்டும் போலிருந்தது. பேராசிரியர் வந்து பார்த்தார், அவள் தோளைத் தட்டினார். அவள் வெட்கத்துடன், "அக்கா ரெடி பண்ணி வச்ச எலிதான், சேர்" என்றாள். விட்டுக்கொடுத்துப் பேசினாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அகம்பாவமாகப் பேசியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். வெளிநாட்டுப் பயணம் அவளுக்கே போயிற்று. போகும்போது, "அங்க ஹீட்டர் இருக்குமாம்க்கா, இது எலிக்கு ஆகட்டும்" என்று பையை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது ஸ்கேன் பிரிவு என் பொறுப்பில். படங்கள் பிரமாதம் என்று வருகிறவர்கள் பாராட்டுகிறார்கள். சிரித்துக்கொள்கிறேன். ஒவ்வொரு நல்ல படத்திலும் அவள் முகம் தெரிகிறது என்று அவர்களிடமா சொல்ல முடியும்?

இன்று அம்மா தொலைபேசியில் பேசினாள். "தங்கச்சி இருக்க ஊருல பனியாக் கொட்டுதாமே. பாவம் புள்ள. அந்தப் பைய யாருகிட்டயாவது குடுத்து அனுப்பி வையேன்."

"முடியாதும்மா. இங்க எலிக்கு வேணும்."

"அப்படின்னா வச்சுக்க. பாவம், அதுக்கும் குளிரும்ல."

இன்று வேன் வராத நாள். எலிகளெல்லாம் வளர்ப்பறைக் கதகதப்பில் இருக்கின்றன. நான் கெட்டிலில் தண்ணீர் சுடவைத்து, இழுப்பறையைத் திறந்து பையை நிரப்பி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குக் குளிரவே இல்லை. தண்ணீர் ஆறும்வரை எடுக்கவும் இல்லை.