எட்டடி தள்ளிப் பார்த்த டிவி

எங்கள் வீட்டு டிவியில் ஒரு குறையும் இல்லை. இதை நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன், என் வீட்டுக்காரர்தான் கேட்கவில்லை. "படம் மங்கிப் போச்சு புள்ள, உள்ள என்னமோ பழுது" என்று நாற்காலியை இழுத்து டிவிக்கு இரண்டடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பின்னால் இருக்கும் எனக்கு அவர் தலை மட்டும்தான் தெரியும். சமையல் நிகழ்ச்சியில் கடாயில் என்ன போட்டார்கள் என்று தெரியாமல் எத்தனை நாள் எழுந்து போயிருக்கிறேன்! "ஏனுங்க, முப்பத்தஞ்சு வருசமா உங்க தலையத்தான் பாத்துட்டு இருக்கறன், செத்த அக்கட்டால போங்க" என்பேன். அசையவே மாட்டார்.

அவர் கண்ணில் குறை இருக்கும் என்று எனக்கும் தோன்றாமல் போனதற்குக் காரணம் உண்டு. ராசிபுரத்தில் எங்களுக்குச் சேலை வியாபாரம். தறிக்காரர்கள் கொண்டுவரும் சேலைகளை வாங்கி ஊர் ஊராகக் கடைகளுக்கு அனுப்புகிறோம். நூல் எண்ணுகிற சின்னக் கண்ணாடி ஒன்று அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். மடக்கினால் தீப்பெட்டி அளவுதான். அதைத் துணிமேல் வைத்துக் குனிந்தால் ஓர் அங்குலத்தில் எத்தனை இழை ஓடுகிறது என்று நொடியில் சொல்லிவிடுவார். ஓர் இழை குறைந்தாலும் சேலை திரும்பிப் போகும். அறுபதைத் தாண்டிய பிறகு படிக்கிற கண்ணாடியைக்கூடக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டார். "பாத்தியா, எனக்கு வயசு பின்னால போகுது" என்று ஒரே பெருமை. எனக்கும் பெருமைதான். அக்கம்பக்கத்தில் நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெருமைதான் எங்களுக்கு வினையாக வந்தது. போன தை மாதம் எங்கள் மகளுக்குக் கல்யாணம். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு இவர்தான் நின்றார். எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டுக்காரன் வாயால் "வாங்க" என்று ஒரு சொல் வராமல் சொந்தக்காரர் யாரும் படி ஏறமாட்டார்கள். இவருக்கு ஒரே ஓர் அக்கா, நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் இவரை இடுப்பில் சுமந்து வளர்த்ததும் அந்த அக்காதான். அவரும் அவர் வீட்டுக்காரரும் சீர்த்தட்டோடு வந்து மண்டபத்து வளைவுக்குக் கீழே நின்றிருக்கிறார்கள். இவர் நேராக அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற யாரிடமோ பேசத் திரும்பிக்கொண்டாராம். அவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கை நனைக்காமலே அடுத்த பஸ் ஏறிவிட்டார்கள்.

சாயங்காலம் நான்தான் போன் போட்டேன். நாத்தனார் எடுத்த எடுப்பில் கேட்டார்: "நூலு எண்ணத் தெரிஞ்சவனுக்கு ஆளு தெரியலையா? மொகத்துக்கு நேரா நின்னமே! எங்க ஊட்டுக்காரர ஒரு வார்த்த வாங்கன்னு கேக்க நாக்குல என்ன முள்ளா?"

இவரோ, "அவுங்க வரவே இல்ல புள்ள. வந்திருந்தா வாங்கன்னு சொல்ல மாட்டனா? கூடப் பொறந்தவ எம்புள்ள கல்யாணத்துக்கு வரல" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மகளுக்கு அக்கா கொண்டுவந்த வரன் ஒன்றை இவர் முந்தின வருடம் தட்டிக் கழித்திருந்தார், அதில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்திருந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றேதான் திரும்பிக்கொண்டார் என்று நானும் நினைத்தேன். இவரிடம் அதைச் சொல்லவில்லை. ஆனால் இவர் சொன்னதை நம்பவும் இல்லை. வருடா வருடம் அக்கா கையால் வரும் மஞ்சள்தூள் அந்த வருடம் வரவில்லை. கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்து நான் குழம்பில் போட்ட அன்று, இவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்.

இப்படியே எட்டு மாதம் போனது. கடைசியில் டிவித் தொந்தரவு தாங்காமல், புதிதே வாங்கிவிடுவோம் என்று சேலத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனோம்.

அங்கே சுவர் முழுக்க டிவி. எங்கள் வீட்டுக் கூடத்துக்கு நாற்பத்து மூன்று அங்குலம் சரியாக இருக்கும் என்றாள் விற்பனைக்கு நின்ற பெண். அதிலேயே இரண்டு ரகம், ஒன்று ஃபுல் எச்டி, இன்னொன்று ஃபோர்கே. ஃபோர்கேயில் புள்ளிகள் நாலு மடங்கு என்றாள். எனக்கு ஃபோர்கேதான் வேண்டும். எதிர்வீட்டில் அதுதான் இருக்கிறது, நான் ஏன் மறைக்க வேண்டும்?

இவர் சட்டைப் பையிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்தார்! டிவியின் மேல் வைத்து, மூக்கு திரையில் இடிக்கக் குனிந்து எண்ண ஆரம்பித்துவிட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானமே போய்விட்டது. "எந்திரிங்க, அது சேலை இல்லீங்க" என்று முழங்கையால் இடித்தேன்.

"இரு புள்ள, கணக்கு தப்பிரும்" என்றார். பிறகு பக்கத்து டிவியிலும் எண்ணிவிட்டு நிமிர்ந்தார். "இதுல அங்குலத்துக்கு அம்பத்தொரு புள்ளி. அதுல நூத்திரெண்டு. குறுக்கயும் அதே கணக்கு. அப்ப நாலு மடங்கு சரிதாம்மா, நீ பொய் சொல்லல."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இப்படி யாரும் பாத்ததில்லீங்க சார். ஆனா டிவிய எட்டடி தள்ளி உக்காந்துதான பாப்பீங்க? அங்கிருந்து பாத்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாதுங்க. நீங்களே உக்காந்து பாருங்க" என்று ஒரு சோபாவில் உட்காரவைத்தாள். விற்கிற இடத்தில் இப்படி உண்மை பேசுகிற பெண்ணை எனக்குப் பிடிக்கவில்லை. என் ஃபோர்கே கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு டிவியிலும் ஒரே செய்தி ஓடியது. நான் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மைதான், பாவி. இரண்டும் பளிச்சென்றுதான் இருந்தன.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது" என்றார் இவர், ஜெயித்துவிட்ட குரலில்.

"ஆமாங்க. கீழ ஓடற எழுத்துகூட ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் இருக்குது" என்று வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டேன்.

"எந்த எழுத்து?" என்று கேட்டார்.

நான் விளையாடுகிறார் என்று நினைத்தேன். "செய்தி ஓடுதே, கீழ. செவப்புப் பட்டையில."

அவர் முன்னால் குனிந்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார். "செவப்பு தெரியுது" என்றார் மெதுவாக. "எழுத்து இருக்குதா அதுல?"

ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அகலம். செய்தி வாசிப்பது ஆணா பெண்ணா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "குரலு பொம்பளக் குரலு" என்றார். மண்டப வாசலும், வளைவுக்குக் கீழே தட்டோடு நின்ற இரண்டு பேரும் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தார்கள். வளைவு எட்டடி இல்லை, முப்பதடி. ஐயோ, இந்த மனிதர் நிஜமாகவே அவர்களைப் பார்க்கவில்லை. எட்டு மாதமாக நான் ஒருத்திகூட நம்பவில்லையே!

அவருக்கும் அதே இடத்தில் புரிந்திருக்க வேண்டும். கையிலிருந்த கண்ணாடியை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். "அப்ப அக்கா வந்திருக்குதா புள்ள?" என்று கேட்டார்.

டிவி வாங்கவில்லை. அங்கிருந்து நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் புரை. சில பேருக்குப் புரை முற்ற முற்றத் தூரம் மங்கும், ஆனால் கிட்டத்தில் இருப்பது முன்னைவிட நன்றாகத் தெரியும், அதனால்தான் படிக்கிற கண்ணாடி தேவைப்படாமல் போனது என்றார் டாக்டர். நாங்கள் ஊரெல்லாம் பெருமையடித்தது நோயை வைத்துத்தான்.

மறுநாள் காலையில் நான் தனியாக நாமகிரிப்பேட்டைக்கு பஸ் ஏறினேன். நாத்தனார் களத்தில் மஞ்சள் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னை "வா" என்று மட்டும் அழைத்தார். கடை, சோபா, சிவப்புப் பட்டை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "கண்ணு தெரியாமயா அவன் அன்னிக்கு வண்டி ஓட்டிட்டு மண்டபம் வந்தான்?" என்று என்னைத் திட்ட ஆரம்பித்தார். "கூடவே இருக்கற, அதுகூடத் தெரியாம என்னடி குடும்பம் பண்ற?" எதிர்த்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. கிளம்பும்போது மட்டும், "அண்ணி, ஆபரேசன் முடிஞ்சதும் ஒருக்கா வந்து பாருங்க" என்றேன். "உங்க அண்ணன் வரோணுமே" என்று தன் வீட்டுக்காரர் இருந்த அறையைக் கையால் காட்டினார். எனக்கு அவர் அண்ணன் முறை.

முதலில் ஒரு கண்ணுக்கு ஆபரேசன், பிறகு இன்னொரு கண்ணுக்கு. இரண்டாவது கட்டு பிரித்து வந்த அன்று இவர் கூடத்தில் நின்று பழைய டிவியைப் பார்த்தார். "டிவிய யாரு ரிப்பேர் பண்ணுனது?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு... சரி, விடுங்கள். என் ஃபோர்கே அத்தோடு போனது. இப்போது நூல் எண்ண மட்டும் படிக்கிற கண்ணாடியைத் தேடுகிறார்.

அடுத்த வாரம் ஒரு காலை, கறுப்புக் கண்ணாடியோடு வாசல் கேட்டருகே நின்றிருந்தவர், திடீரென்று கத்தினார். "வாங்க மாமா! வாங்க! வா அக்கா!"

நான் கரண்டியோடு ஓடிவந்தேன். தெருவில் யாரையும் காணோம். உற்றுப் பார்த்தால், தெருமுனையில், பஸ் இறங்கி இரண்டு பேர் அப்போதுதான் திரும்புகிறார்கள். எங்கள் வாசலிலிருந்து நூறு அடிக்குக் குறையாது. இவர் நிறுத்தவில்லை. அவர்கள் ஒவ்வோர் எட்டு வைக்கவும் "வாங்க மாமா, வாங்க" என்று தெருவே கேட்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு வீட்டுக் கதவு திறந்தது.

"வந்துட்டம் மாப்ள, தொண்டை கட்டிக்கப் போகுது" என்று அண்ணன் சிரித்தபடி வந்தார். நாத்தனார்தான் நடுத்தெருவில் நின்றுவிட்டார். கையில் மஞ்சள்தூள் பை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாரேன் சாமி, வாரேன்" என்றார்.

அன்று நான் உலை வைத்த அரிசி நாலு பேருக்குக் காணாது. மறுபடி வைத்தேன். அண்ணன் இலையில் சோறு விழுந்ததும், அவர் கை சோற்றில் படுகிற வரைக்கும் இவர் தன் இலையைத் தொடாமல், எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.