வேலை செய்யும் கையில் ஒரு குச்சி

முன்நெற்றி முடியை வெட்டி முடித்ததும் கத்தரியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, இடது கையை இரண்டு முறை உதறுவாள். பிறகு சட்டைக் கைக்குள் விரலை விட்டு, முழங்கைக்கு மேலே உள்பக்கத்தைத் தடவிப் பார்ப்பாள். இருக்கிறது. அடுத்த முடிக்கற்றையைச் சீப்பில் எடுப்பாள். மூன்று மாதமாக இதுதான் வழக்கம்.

நாற்காலியில் இருப்பவர் கண்ணாடியில் இதைப் பார்த்துவிட்டு, கையில் என்ன என்று கேட்காமல் இருக்க மாட்டார். பதில் ஆளுக்கு ஆள் மாறும். அவசரக்காரர்களுக்குக் கொசுக்கடி. வம்பு வளர்ப்பவர்களுக்கு, "வீட்டுக்காரரத் தூக்கினேன், சுளுக்கிக்கிச்சு." மனசுக்குப் பிடித்தவர்களிடம் மட்டும் குனிந்து உண்மையைச் சொல்வாள்: "உள்ள ஒரு குச்சி வெச்சிருக்காங்கக்கா. தீக்குச்சி அளவுதான். மூணு வருஷத்துக்குக் குழந்தைங்கிற பேச்சே கிடையாது."

கடையில் அவளுக்கு நொட்டாங்கை என்று பெயர். கத்தரியும் இடது கைக்கென்றே செய்தது. பக்கத்து நாற்காலிக்காரி ஒருநாள் அவசரத்துக்கு அதை எடுத்து வெட்டப் போக, முடி அறுபடாமல் மடிந்து மடிந்து நின்றது. அன்றிலிருந்து அதை யாரும் தொடுவதில்லை. அதில் இவளுக்குத் தனிப் பெருமை.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு இடத்தில் கோட்டை விட்டாள். குச்சி வைப்பதற்கு முன், அதிகம் புழங்காத கையில்தான் வைப்போம் என்று சொல்லி, எந்தக் கையால் எழுதுவீர்கள் என்று நர்ஸ் கேட்டார். பள்ளிக்கூடத்தில் அடிக்குப் பயந்து வலது கையால் எழுதப் பழகியவள், "வலது கைங்க" என்று சமர்த்தாகச் சொல்லிவிட்டாள். மாதம் ஒரு கையெழுத்துப் போடுகிற கை சும்மா இருக்க, நாள் முழுக்க வெட்டுகிற கைக்குள் குச்சி போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கும்போது கை சுருக்கென்று வலித்த பிறகுதான் உறைத்தது. "பரீட்சைல கூட நான் இவ்வளவு தெளிவா தப்புப் பதில் சொன்னதில்ல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

சிரிப்புக்கு அடியில் பயமும் உண்டு. முன்பு வேலை பார்த்த கடையில் நல்ல இடம் கிடைத்த மாதமே இரண்டாவது பெண் வயிற்றில் வந்தாள். அந்த மகள் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் திரும்பிப் போனபோது அந்த இடத்தில் வேறொருத்தி நின்று வெட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் கடையில் ஜன்னலோர நாற்காலி கைக்கு வர நான்கு வருடம் பிடித்தது. வலி இப்படியே போனால் அதைக் காப்பாற்ற முடியாது. குச்சியை எடுத்தாலோ மாதாமாதம் நாளை எண்ணி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்ள வேண்டும். மாத்திரை என்றால் மறந்து தொலைக்கிற ஆள் வேறு.

இன்று கடைக்கு விடுமுறை. ஒருவழியாகக் கணவரோடு மருத்துவமனைக்கு வந்தாள். மருத்துவர் குச்சி இருக்கும் இடத்தை அழுத்திப் பார்த்தார், விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார். நரம்புக்கு ஒன்றுமில்லை, ஓயாமல் வேலை கொடுப்பதால்தான் வலி ஆறவில்லை என்றார்.

"மூணு மாசமா வலியப் பொறுத்துக்கிட்டா இருந்தீங்க?"

"வந்தா எடுத்துடுவீங்களோன்னு பயந்தேன் டாக்டர்."

அவளுடைய கைப்பையை மடியில் வைத்திருந்த கணவர், "எடுத்துடச் சொல்லும்மா. உன் கைதான் முக்கியம். மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். மெக்கானிக், உலகத்தில் எதையும் கழற்றி மாட்டிவிடலாம் என்று நம்புகிறவர்.

"நீங்களா? வண்டிச் சாவிய எங்க வெச்சோம்னே உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

மருத்துவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு விளக்கினார். "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டுப் பாக்கலாம். இல்லன்னா எடுத்துடலாம். அதுவும் வேணாம்னா, இத எடுத்துட்டு அந்தக் கைல புதுசா..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் வலது சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டிவிட்டு, கையை மேசைமேல் நீட்டியிருந்தாள்.